கட்டம் போட்டுத் தெரிவு செய்தால் பயன் உண்டா? சாதாரண தரம் முடித்த பிள்ளைகளோடு சோதித்துப் பார்க்கும் செய்முறை

பெறுபேறு வந்ததற்கும் உயர்தர வகுப்புக்கு விண்ணப்பம் கொடுப்பதற்கும் இடையில் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். ஆர்ட்ஸா, கொமர்ஸா, பயோவா, மெத்ஸா, டெக்கா, தொழிற்பயிற்சியா, இல்லை அக்காவோடு கொழும்புக் கடைக்கா என்று அதற்குள் தீர்ந்துவிட வேண்டும். ‘தெரிவுகளைக் கட்டம் போட்டு எழுது, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடு, கூட்டிப் பார்’ என்று சொல்லிக்கொடுக்கும் வழிகாட்டல் பட்டறைகள் நடப்பதும் இந்தக் காலத்தில்தான். பட்டறை முடிவில் ‘பயனாக இருந்ததா?’ என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். ‘நல்லா இருந்துச்சு சேர்’ என்பார்கள். கேட்டவர் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை அது. முறை வேலை செய்தது என்பதற்கு அதைச் சாட்சியாக எடுக்க முடியாது. சாட்சி தேடுவதற்கான ஏற்பாட்டை, ஒரு பாடசாலையோ இளைஞர் மன்றமோ எடுத்துச் செய்யக்கூடிய அளவில், கீழே எழுதியிருக்கிறோம்.

எதை எதோடு ஒப்பிடுவது

இதில் சறுக்கினால் மீதி எல்லாம் வீண். ஒரு பட்டறையில் பிள்ளைக்கு மூன்று விடயங்கள் ஒன்றாகக் கிடைக்கின்றன. முதலாவது தகவல்: எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறது, பயிற்சிக்கு என்ன தகைமை வேண்டும் என்பது. இரண்டாவது, ஒரு பெரியவர் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ‘உனக்கு எதில் விருப்பம்?’ என்று கேட்பது. குடும்பம் முழுவதும் ஒரே லயத்து அறையில் நெருக்கியடித்து இருக்கும் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் எளிதில் கிடைக்காது. மூன்றாவதுதான் கட்டம். பட்டறைக்குப் போன பிள்ளையைப் போகாத பிள்ளையோடு ஒப்பிட்டு ‘கட்டம் உதவியது’ என்று சொல்வது, மூன்றில் இரண்டை மறைத்துவிட்டுச் சொல்வதுதான்.

கட்டம் போடும் பழக்கம் பழையது. 1772இல் பெஞ்சமின் பிராங்ளின் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளை நடுவில் கோடிட்டு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் என மூன்று நான்கு நாள் எழுதிவந்து, எடை சமமானவற்றை இரு பக்கத்திலும் அடித்துவிடச் சொன்னார். மருத்துவத்தில் இதன் வளர்ந்த வடிவங்கள் நிறையச் சோதிக்கப்பட்டுவிட்டன. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கொக்ரேன் அமைப்பின் 2024ஆம் ஆண்டுத் தொகுப்பில் மட்டும் 209 ஆய்வுகள், 1,07,698 பங்கேற்பாளர்கள். தீர்மானத் துணைக் கருவியைப் பயன்படுத்திய நோயாளிகளுக்கு விடயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. தங்களுக்கு எது முக்கியமோ அதற்கு ஒத்த தெரிவை அதிகம் எடுத்தார்கள். ஆனால் அங்கே ஒப்பீடு பெரும்பாலும் வழக்கமான கவனிப்போடுதான். அதே நேரத்தை வெறும் பேச்சில் செலவழித்த குழுவோடு அல்ல. மறுபக்கம், 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்கள் சுவரொட்டி தெரிவு செய்தார்கள். காரணங்களை எழுதிப் பார்த்துத் தெரிந்தவர்கள் சில வாரங்கள் கழித்துத் தங்கள் சுவரொட்டியில் குறைந்த திருப்தியே கொண்டிருந்தார்கள். ஆகவே, எழுதிப் பார்ப்பதால் தீங்கு வராது என்றும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே மூன்று குழுக்கள். ‘அ’ குழுவுக்குக் கைநூல் மட்டும். ‘ஆ’ குழுவுக்கு அதே கைநூலும் 30 நிமிடப் பேச்சும். ‘இ’ குழுவுக்கு அதே கைநூலும் 30 நிமிடக் கட்ட வேலையும். ஆள் பலம் போதாவிட்டால் ‘அ’வை விட்டுவிடலாம். ‘ஆ’வை விடவே கூடாது. கட்டத்துக்கு உண்மையான போட்டி, அக்கறையோடு கேட்கும் ஒரு மனிதர்தான்.

கைநூல்

ஏ3 தாளை மடித்து நான்கு பக்கம். மூன்று குழுவுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் பஸ்ஸில் போய்வரக்கூடிய பாடசாலைகளும் அங்குள்ள உயர்தரப் பிரிவுகளும். 1ஏபி வகைப் பாடசாலையில்தான் விஞ்ஞானப் பிரிவு உண்டு, 1சி வகையில் அது இல்லை என்பதையும் அங்கே சேர்க்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் பல்கலைக்கழக அனுமதி: பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்த 16இல் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் இல்லை. எனவே ஹட்டனுக்கு அச்சடித்த கைநூலை அப்படியே புசல்லாவைக்கோ நாவலப்பிட்டிக்கோ கொண்டுபோகக் கூடாது. மாவட்ட எல்லை மாறும்போது இந்தப் பக்கம் மாற வேண்டும்.

மூன்றாம் பக்கம் தொழில் வழி: 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் பயிற்சி அதிகாரசபை, ஹட்டன் பக்கத்துத் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம். தேசிய தொழிற்தகைமை மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகர் என்ற ஏணியைப் படமாகப் போட வேண்டும். மட்டம் 4ஓடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கும் பெற்றோர் அதிகம். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, ‘இதில் இல்லாத வழி ஏதாவது உன் மனதில் உண்டா?’ என்று தலைப்பில் அச்சிடுங்கள். கொட்டகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிபோல உயர்தரத்துக்குப் பிறகு வரும் வாசல்களைத் தனிப் பெட்டியில் போட்டால் குழப்பம் குறையும்.

கட்டத்தாளும் கொட்டைகளும்

‘இ’ குழுவில் ஒரு பிள்ளைக்குத் தேவையானவை: ஏ4 கட்டத்தாள் ஒன்று, பிரிஸ்டல் அட்டையில் வெட்டிய வெற்றுச் சீட்டு 8 (உள்ளங்கையில் அடங்கும் அளவு), புளியங்கொட்டை 20, பேனை ஒன்று. பென்சில் வேண்டாம், காரணம் பிறகு வரும். பயணம், விருப்பம், சம்பளம் போன்ற ஒவ்வொரு காரணியின் முக்கியத்துவத்தையும் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் பிள்ளைகள் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டுவதிலேயே நேரத்தைத் தொலைக்கிறார்கள். கொட்டையை நகர்த்தினால் மொத்தம் எப்போதும் 20தான். ஒன்றுக்குக் கூட்ட வேண்டுமென்றால் இன்னொன்றில் இருந்து எடுத்தாக வேண்டும். முறையின் உயிரே அந்த எடுத்து வைப்பதில்தான் இருக்கிறது. புளியங்கொட்டை தட்டையாக இருப்பதால் சரிந்த மேசையில் உருளாது. கடலை உருண்டு ஓடிவிடும்.

காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை மதிப்பிடும் படிநிலைப் பகுப்பு முறையும் உண்டு. ஐந்து காரணிக்கு 10 ஒப்பீடு, ஆறுக்கு 15. முன்னுக்குப் பின் முரணாக விழுந்தால் திரும்பவும் தொடங்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் அது ஒத்துவராது.

நேரப் பங்கீடு இப்படி: தெரிவுகளைச் சீட்டில் எழுத 5 நிமிடம், காரணிகளையும் அவற்றின் வித்தியாசத்தையும் பார்க்க 7, கொட்டை வைக்க 8, புள்ளி போட 7, கூட்டிப் பார்க்க 3. தெரிவு எழுதும்போது பிள்ளை இரண்டோடு நிறுத்திவிடும். ‘இந்த இரண்டுமே கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?’ என்று ஒரு தடவை மட்டும் கேட்க வேண்டும். நடத்துநர் தானாக ஒரு தெரிவைச் சொல்லிக்கொடுத்தால் அது கட்டத்தின் வேலை ஆகாது, அவருடைய புத்திமதி ஆகிவிடும்.

ஒரு மாதிரித் தாள். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. தெரிவுகள் மூன்று: ஊர்ப் பாடசாலையில் கலை, நகரப் பாடசாலையில் பயோ, மட்டம் 4 தொழிற்பயிற்சி. ஒவ்வொரு காரணியிலும் மிக மோசமான தெரிவுக்கு 0, மிகச் சிறந்ததற்கு 10, மற்றது இடையில்.

பயணம், 4 கொட்டை: கலை 10, பயோ 0, பயிற்சி 4.
பாடத்தில் விருப்பம், 7 கொட்டை: கலை 0, பயோ 10, பயிற்சி 6.
மேற்படிப்பு வாசல், 6 கொட்டை: கலை 7, பயோ 10, பயிற்சி 0.
சீக்கிரம் சம்பளம், 3 கொட்டை: கலை 0, பயோ 0, பயிற்சி 10.

கொட்டையைப் புள்ளியால் பெருக்கிக் கூட்டினால் கலை 82, பயோ 130, பயிற்சி 88. பயோ தெளிவாக முன்னால்.

இப்போது அதே பிள்ளை ‘பயணம்’ என்ற ஒரே வரியை ‘பஸ் செலவு’, ‘பயண நேரம்’ என்று இரண்டாக எழுதியிருந்தால்? இரண்டு வரி கண்ணில் பட்டவுடன் இரண்டுக்கும் நான்கு நான்கு கொட்டை போய்விடும். விருப்பத்துக்கு 5, வாசலுக்கு 5, சம்பளத்துக்கு 2 என்று மற்றவை சுருங்கும். தூரமான பாடசாலைக்குச் செலவும் நேரமும் சேர்ந்தே கூடுவதால் புள்ளிகள் இரண்டு வரியிலும் ஒன்றுதான். கூட்டினால் கலை 115, பயோ 100, பயிற்சி 82. வென்ற தெரிவே மாறிவிட்டது. பிள்ளையின் மனம் மாறவில்லை, தாளின் வரிதான் மாறியது. காரணியைப் பிரித்து எழுதினால் அதன் எடை வீங்கும் என்பது 1988இலேயே பரிசோதனையில் காட்டப்பட்ட ஒன்று. எனவே கொட்டை வைப்பதற்கு முன் நடத்துநர் ஒரு கேள்வி கேட்பது கட்டாயம்: ‘இதில் ஒன்று கூடினால் மற்றதும் கூடவே கூடுமா?’ ஆம் என்றால் இரண்டையும் ஒரே வரியாக்க வேண்டும். இந்தக் கேள்வி இல்லாமல் அச்சடித்துக் கொடுக்கப்படும் கட்டத்தாள்கள் பிள்ளையை எங்கே தள்ளிக்கொண்டு போகின்றன என்பதை யாரும் பார்ப்பதில்லை. இது நமக்குப் பெரிய கவலை.

அடுத்த பிசகு, வித்தியாசத்தைப் பார்க்காமல் எடை போடுவது. ‘காசு முக்கியமா?’ என்று கேட்டால் தோட்டத்தில் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? எட்டுக் கொட்டை விழும். ஆனால் இரண்டு பாடசாலைக்கும் பஸ் கட்டணத்தில் ஐந்து ரூபாதான் வித்தியாசம் என்றால் அந்த எட்டும் வீண். கேட்க வேண்டிய முறை: ‘இந்த வரியில் மிகக் கூடியதுக்கும் மிகக் குறைந்ததுக்கும் இடையில் இவ்வளவுதான் இடைவெளி. இந்த இடைவெளிக்கு எத்தனை கொட்டை?’ அதனால்தான் காரணிகளுக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியது. அவசரப்பட்டு அதைக் குறைத்தால் பிறகு வைக்கும் கொட்டைக்கு அர்த்தம் இல்லை.

மூன்றாவது, பின்னால் இருந்து சரிக்கட்டுவது. கூட்டுத்தொகை வந்ததும் தனக்குப் பிடித்தது தோற்றுப்போனதைக் கண்ட பிள்ளை கொட்டையை மெதுவாக நகர்த்தும். தடுக்க வேண்டாம். ஆனால் முதல் எண்ணிக்கையைப் புள்ளி போடுவதற்கு முன்பே பேனையால் எழுதியிருக்க வேண்டும். மாற்றியதைப் பக்கத்தில் எழுதட்டும். கொட்டையை மாற்றியதா, புள்ளியை மாற்றியதா, எந்த வரியில் என்பதையும் குறியுங்கள். கூட்டுத்தொகையைவிட இந்தத் திருத்தத்தில் பிள்ளையின் மனம் நன்றாகத் தெரியும்.

முதல் இரண்டு தெரிவுக்கும் இடையில் 20க்குக் குறைந்த வித்தியாசம் இருந்தால் சமன் என்றே சொல்கிறோம். மொத்தம் 200க்குப் பத்தில் ஒன்று என்ற கணக்கு; இது வசதிக்காக நாங்கள் வைத்த எல்லை. எடையே போடாமல் எல்லா வரிக்கும் 5 கொட்டை என்று வைத்தும் கணக்கிட்டுப் பாருங்கள். மேலே உள்ள முதல் தாளில் அப்படிச் செய்தால் கலை 85, பயோவும் பயிற்சியும் ஆளுக்கு 100. 1979இல் அமெரிக்க உளவியலாளர் ரொபின் டோஸ், எதிர்வுகூறல் கணக்குகளில் சம எடை கொடுப்பதே பல இடங்களில் போதுமானது என்று காட்டினார். நம் தாள்களிலும் சம எடையில் பெரும்பாலும் அதே முடிவு வருமானால், கொட்டை வைக்கும் எட்டு நிமிடத்தை மிச்சப்படுத்தலாம். சோதனையோடு சேர்த்துச் செலவில்லாமல் கிடைக்கும் விடை இது.

பெற்றோர்

அப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்தால் முதல் கொட்டையை அவர்தான் வைப்பார். பெற்றோரை வெளியே அனுப்புவதும் சரியில்லை. முடிவு வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. பிள்ளை முதலில் தனியாக வைத்து எழுதட்டும். பிறகு பெற்றோருக்கு இன்னொரு வெற்றுத்தாளும், நிறம் வேறுபட்ட போஞ்சி விதை இருபதும் கொடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த வரியில் பேச்சு தேவை என்பது தானாகத் தெரியும். ‘ஆ’ குழுவிலும் பெற்றோருக்கு அதே அளவு நேரம் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கட்டத்தையும் பெற்றோர் வருகையையும் கலந்து அளந்தவர்களாவோம். ‘இரண்டு வருடம் கழித்து இது சரிவராமல் போய்விட்டது என்று வை, ஏன்?’ என்ற முன்கூட்டிய மரண விசாரணைக் கேள்விக்கும் இதே விதி. அருமையான கேள்வி. போட்டால் இரண்டு குழுவிலும் போட வேண்டும், இல்லையென்றால் இரண்டிலும் வேண்டாம்.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பிள்ளையின் சொந்தச் சம்மதம், அதிபரின் அனுமதி, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி நான்கும் வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்கும் அம்மாவுக்குப் படிவத்தை வாசித்துக் காட்ட அவருக்குத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும்.

குழு பிரித்தல்

பிள்ளைகளைத் தனித்தனியாகச் சீட்டுப் போட்டுப் பிரித்தால், ஒரே லயத்தில் இருந்து ஒரே பஸ்ஸில் வரும் இருவர் வெவ்வேறு குழுவில் விழுவார்கள். மாலைக்குள் கட்டத்தாள் கைமாறிவிடும். பாடசாலை பாடசாலையாகப் பிரித்தால் கலப்பு நிற்கும், ஆனால் எண்ணிக்கை எகிறும். ஒரு கூட்டத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் வரும் பெருக்கம் இது: கூட்டத்தின் அளவில் ஒன்றைக் கழித்து, ஒப்புமை எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒப்புமை 0.1 என்று வைத்து, ஒரு பாடசாலையில் 40 பிள்ளை என்றால் 4.9 மடங்கு ஆட்கள் தேவை.

மலையகத்துக்குப் பொருந்தும் வழி, தோட்டப் பிரிவு பிரிவாகச் சீட்டுப் போடுவது. ஒரு பாடசாலைக்குப் பல தோட்டங்களின் பிரிவுகளில் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பிரிவில் இருந்து நான்கு பேர் என்று வைத்தால் பெருக்கம் 1.3 மட்டுமே. சேர்ந்து நடந்து வருகிறவர்கள் ஒரே குழுவில் இருப்பதால் கலப்பும் குறையும். ஒரே பிரிவு என்றாலும் லயங்கள் மேலும் கீழுமாகத் தள்ளி இருக்கலாம். அதைப் பிரிக்காமல் ஒன்றாகவே எடுங்கள். டவுன் பிள்ளைகளைத் தெருத் தெருவாகச் சேர்க்கலாம்.

பிரிவுகளைப் பிள்ளை எண்ணிக்கைப்படி வரிசையாக எழுதி, அடுத்தடுத்த மூன்றை ஒரு கட்டாக்கி, கட்டுக்குள் அ, ஆ, இ சீட்டைக் குலுக்க வேண்டும். சீட்டை வெள்ளைக் கடித உறையில் போட்டால் வெளிச்சத்தில் எழுத்து தெரியும். உள்ளே கறுப்புத் தாள் ஒன்றை மடித்து வையுங்கள். குலுக்கல் பெற்றோர் முன்னிலையில் நடக்கட்டும். ‘கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள்’ என்ற பேச்சு அங்கேயே தீரும்.

எத்தனை பேர்

சுருக்கு விதி: எதிர்பார்க்கும் வித்தியாசத்தை நியம விலகலில் (பிள்ளைக்குப் பிள்ளை விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவில்) எழுதி, அதன் வர்க்கத்தால் 16ஐ வகுத்தால் ஒரு குழுவுக்குத் தேவையானவர்கள் வருவார்கள். இது 80 சதவீத வலுவுக்கும் (உண்மையில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பொருண்மைக்கும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு) உரியது. வித்தியாசம் 0.5 என்றால் 64 பேர். 1.3ஆல் பெருக்கினால் 84. ஐந்தில் ஒருவர் தொடர்பில் இருந்து விடுபடுவார் என்று வைத்தால் 105. ஆனால் நல்ல பேச்சுக்கும் நல்ல கட்டத்துக்கும் இடையில் 0.5 என்பது பேராசை. 0.3 என்றால் 178, பெருக்கினால் 232, விடுபடுவோரையும் சேர்த்தால் ஒரு குழுவுக்கு 290. ஒரு பாடசாலையால் தாங்க முடியாத எண் இது. பல பாடசாலைகள் ஒரே தாள், ஒரே கைநூல், ஒரே கேள்விகளோடு சேர்ந்து செய்தால்தான் விடை வரும். தனியொரு பாடசாலை செய்யும்போது கிடைப்பது ‘இதை நடத்த முடியுமா, எங்கே இடறுகிறது’ என்ற விடை. அதுவும் தேவையான விடைதான். ஆனால் அதைப் ‘பயன் உண்டு’ என்று மாற்றி எழுதக் கூடாது.

நடத்துநர்

‘ஆ’வுக்கு ஒருவர், ‘இ’க்கு இன்னொருவர் என்றால் அளப்பது ஆளையா முறையையா என்று தெரியாது. ஒவ்வொருவரும் இரண்டையும் வெவ்வேறு நாளில் நடத்த வேண்டும். அப்போது வேறு ஆபத்து: கட்டத்தில் பழகியவர் பேச்சிலும் ‘எது எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார். பேச்சுக் குழுவுக்கான தடைச் சொற்களை அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுங்கள்: மார்க், புள்ளி, எடை, வரிசைப்படுத்து. சம்மதம் பெற்றுச் சில அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, மூன்றாம் ஆள் கேட்டு எண்ண வேண்டும். தகரக் கூரைக் கட்டடத்தில் மழை அடித்தால் பதிவில் குரலே இருக்காது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழைக் காலத்தில் சிலாப் போட்ட வகுப்பறையைக் கேட்டு வாங்குங்கள். பதுளைப் பக்கத்தில் ஆண்டு இறுதியிலும் தைப் பொங்கலை ஒட்டியும் இதே கவனம் வேண்டும்.

அளப்பது

எது நடந்தால் ‘உதவியது’ என்போம் என்பதை முதல் அமர்வுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு, ஒட்டி அதிபரிடம் கொடுத்துவிட வேண்டும். பல அளவுகளை எடுத்துவிட்டு நல்லதாக வந்ததை மட்டும் காட்டும் சபலத்துக்கு இதைத் தவிர மருந்தில்லை.

அமர்வுக்கு முன்னும் பின்னும், இரண்டு வாரம் கழித்தும் கேட்க நான்கு கேள்வி போதும். கனடாவின் ஒட்டாவா ஆய்வாளர்கள் 16 வினாக்களில் அமைத்த தீர்மானக் குழப்ப அளவுகோலுக்கு அடுத்து வந்த சிறு வடிவம் இது. பிள்ளைகளுக்குப் புரியும்படி இப்படிக் கேட்கிறோம்: இதுதான் உனக்குச் சரி என்று மனதில் உறுதியா? ஒவ்வொரு வழியிலும் உள்ள நன்மை தீமை தெரியுமா? எந்த நன்மை தீமை உனக்கு முக்கியம் என்று தெளிவா? முடிவெடுக்கத் துணையும் ஆலோசனையும் போதிய அளவு இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் குழப்பமில்லை. மூன்றோ அதற்குக் குறைவோ என்றால் குழப்பம் உண்டு.

இன்னொரு அளவு, பிள்ளைக்கு எது முக்கியமோ அதற்குத் தெரிவு ஒத்துப்போகிறதா என்பது. இதைக் கட்டத்தாளின் கொட்டைகளை வைத்தே அளந்தால் ‘இ’ குழு வெல்லாமல் இருக்க முடியாது. விடைத்தாளே அவர்கள் கையில் இருக்கிறது. அமர்வுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாப் பிள்ளைகளிடமும் காரணிச் சீட்டுகளைக் கொடுத்து, முக்கியமானதை மேலே அடுக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அடுக்கோடுதான் பிறகு ஒப்பிட வேண்டும்.

ஆறு மாதத்தில் ஐந்து வினா வருத்த அளவுகோல். 2003இல் வெளியானது. ஒவ்வொரு விடையும் 1 முதல் 5 வரை. இரண்டாம், நான்காம் வினாக்கள் எதிர்த்திசையில் இருக்கின்றன. ‘இந்தத் தெரிவை எண்ணி வருந்துகிறேன்’ என்ற வாக்கியத்துக்கு ‘உடன்படவில்லை’ என்று குறிப்பதில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தாளில் நிரப்பச் சொல்லாமல் வாய்வழியாக ‘வருத்தம் இருக்கா, இல்லையா?’ என்று முதலில் கேட்டு, பிறகு ‘கொஞ்சமா, நிறையவா?’ என்று கேட்டால் சரியாக வரும். கேட்பவர் அமர்வை நடத்தியவராக இருக்கக் கூடாது. எந்தக் குழுப் பிள்ளை என்பதும் அவருக்குத் தெரியக் கூடாது.

சொல்லைவிடச் செயல் நம்பகமானது: விண்ணப்பத்தில் எழுதிய பிரிவு எது, முதல் தவணைக்குள் பிரிவு மாறினாரா, விலகினாரா. வகுப்பு இடாப்பில் இருந்தே எடுக்கலாம். ஆனால் இது ஆம், இல்லை விடை என்பதால் ஆட்கள் கூடுதலாக வேண்டும். விலகல் 20 சதவீதத்தில் இருந்து 10ஆகக் குறைவதைக் கண்டுபிடிக்கவே குழுவுக்குச் சுமார் 200 பேர், அதுவும் 1.3 பெருக்கத்துக்கு முன்.

தொடர்பு

பிள்ளையின் போன் இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆறு மாதத்தில் சிம் மாறிவிடும். அம்மாவின் இலக்கம், பக்கத்து வீட்டு இலக்கம், வீட்டுக்கு வெளியே வேலை செய்யும் அண்ணன் அக்கா ஒருவரின் இலக்கம் மூன்றையும் சம்மதப் படிவத்திலேயே வாங்குங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்ப மாலையாகும், அதற்கு முன் அழைத்தால் பதில் வராது. ஞாயிறு முற்பகல் நல்லது. கொழும்புக்குப் போய்விட்ட பிள்ளையைக் கட்டாயம் தேட வேண்டும். எங்கேயோ போனவர்களை விட்டுவிட்டு வகுப்பில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் எல்லாக் குழுவுமே திருப்தியாகத்தான் தெரியும்.

கணக்கு

சீட்டில் எந்தக் குழு விழுந்ததோ அந்தக் குழுவிலேயே பிள்ளையை எண்ண வேண்டும். கொட்டையைத் தொடாமல் எழுந்துபோனவரும் ‘இ’தான். கட்டத்தை முழுதாக முடித்தவர்களை மட்டும் எடுத்தால், பொறுமையும் ஆர்வமும் உள்ள பிள்ளைகளைப் பொறுக்கியதாகிவிடும். ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் ஒரு சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளைக் குழுவுக்குக் குழு ஒப்பிடுங்கள். எக்செல்லில் செய்யக்கூடிய அளவுதான். வித்தியாசத்தோடு அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு) சேர்த்து எழுத வேண்டும். இடைவெளி பூச்சியத்தைத் தாண்டி இரு பக்கமும் அகலமாகக் கிடந்தால் ‘முறை பயனற்றது’ என்று எழுதாதீர்கள். ஆட்கள் போதவில்லை என்பதே அதற்கு அர்த்தம். இடைவெளி குறுகி, பூச்சியத்தை ஒட்டி நின்றால் கட்டம் பேச்சைவிட எதையும் கூட்டவில்லை என்று எழுதலாம். அப்படி வந்தால் அச்சுச் செலவை நிறுத்தி, கேட்பதற்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதில் அந்தப் பணத்தைப் போடலாம்.

ஆறு மாத அளவு முடிந்த கையோடு ‘அ’, ‘ஆ’ குழுப் பிள்ளைகளுக்கும் கட்டத்தாளையும் கொட்டையையும் கொடுத்து விளக்கிவிட வேண்டும். பெயர்ப் பட்டியலும் விடைத்தாளும் வெவ்வேறு அலுமாரியில், இலக்கத்தால் மட்டும் இணைக்கப்பட்டு இருக்கட்டும். புளியங்கொட்டையை அடுத்த வருடத்துக்கு வைப்பதானால் நன்றாகக் காயவைத்துப் போத்தலில் மூடி வையுங்கள். குளிர்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.